பேனலை அப்புறம் பார்க்கலாம், முதலில் ராத்திரிக் கணக்கு

"வீட்டுக்கு சோலார் போடலாம் என்று இருக்கிறேன், எத்தனை பேனல் வேண்டும்?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். கூரை மேல் கண்ணுக்குத் தெரிகிற பொருள் அதுதானே. ஆனால் பேட்டரியும் வேண்டும், அதையும் தனித்தனி செல்லாக வாங்கித் தன் கையாலேயே கட்ட வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அந்தக் கேள்விக்கான விடை ஏறக்குறையக் கடைசியில்தான் கிடைக்கும். முதலில் கேட்க வேண்டியது வேறு: வெயில் இறங்கியதிலிருந்து மறுநாள் காலை ஏறும்வரை இந்த வீடு எத்தனை யூனிட் தின்கிறது? அதிலிருந்து பேட்டரி அளவு வரும். பேட்டரியிலிருந்து வோல்டேஜ், வோல்டேஜிலிருந்து ஆம்பியர், ஆம்பியரிலிருந்து ஒயரும் ஃபியூஸும் வரும். இந்த வரிசையை மாற்றிச் செய்த வீடுகளில் ஒன்று பேட்டரி நிரம்பாமலே கிடக்கும், இல்லையென்றால் பேனல் மத்தியானம் முழுக்கச் சும்மா வெயில் காயும்.

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணியிலிருந்து காலை 7 மணிவரை, 14 மணி நேரம். மின்சாரம் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் மின்விசிறி 2, ஒவ்வொன்றும் 30 வாட், 9 மணி நேரம் ஓடினால் 540 வாட் மணி. 9 வாட் விளக்கு 4, 4 மணி நேரம் எரிந்தால் 144. டிவி 80 வாட், 3 மணி நேரம், 240. வைஃபை ரூட்டர் 10 வாட்தான், ஆனால் அணைப்பதே இல்லை, 140. லேப்டாப், போன் எல்லாம் சேர்த்து 200 என்று வைப்போம். ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.2 யூனிட் என்றால் இரவுப் பங்கு 600. கூட்டினால் 1,864 வாட் மணி. சுமார் 1.9 யூனிட். ஃபிரிட்ஜ் கணக்கை மட்டும் அதன் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து எழுதாதீர்கள். கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கிற சாதனம் அது. பிளக்கில் செருகி அளக்கும் சின்ன மீட்டர் ஒன்றை இரண்டு நாள் மாட்டி வைத்தால் உண்மை தெரிந்துவிடும்.

சரி, 1.9 யூனிட்டுக்கு பேட்டரி பார்த்துவிடலாமா? இங்கேதான் முதல் தடவை நான் கோட்டை விட்டேன். இன்வெர்ட்டர் சும்மா இருக்கும்போதும் சாப்பிடும். 3 கிலோவாட் வகை இன்வெர்ட்டர் ஒன்று எந்தச் சாதனமும் ஓடாதபோதே 40 வாட் எடுக்கிறது என்று வையுங்கள். 14 மணி நேரத்துக்கு 560 வாட் மணி. கிட்டத்தட்ட இன்னொரு ஃபிரிட்ஜ்! என் நோட்டில் ரூட்டர்கூட இருந்தது, இது இல்லை. இதோடு டிசியை ஏசியாக மாற்றுவதில் ஒரு 10 சதவீதம் போகும். ஆக, பேட்டரியிலிருந்து உண்மையில் வெளியேறுவது சுமார் 2.6 யூனிட். இன்வெர்ட்டர் வாங்கும்போது அதன் விவரத் தாளில் சும்மா இருக்கும்போது எவ்வளவு எடுக்கும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டைவிட அந்தச் சின்ன எழுத்துதான் தினமும் உங்களோடு வாழப்போகிறது.

இந்தக் கணக்கில் ஏசி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரவு முழுக்க ஓடும் ஏசி ஒன்று மட்டுமே 5, 6 யூனிட் கேட்கலாம். அது சேர்ந்தால் சின்ன அமைப்பு என்ற பேச்சே இல்லை. தண்ணீர் மோட்டாருக்குச் சிக்கல் வேறு. 1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட் பக்கம்தான், ஆனால் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதை இன்வெர்ட்டர் தலையில் கட்டாமல், மின் இணைப்பிலேயே விட்டுவிடுவது நல்லது.

இப்போது பேட்டரி. பழைய லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் சரசரவென்று குறையும், அதனால் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்க வேண்டியிருக்கும். அதன் சார்ஜ் சுற்றுகள் சில நூறு என்றால், லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்குச் சில ஆயிரம். எல்.எஃப்.பி. என்று சுருக்கிச் சொல்லும் இந்த வேதியியல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1997இல் வெளியிட்டது. லித்தியம் அயனி பேட்டரிகளுக்காக 2019இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். வீட்டில் கட்டுகிறவர்கள் இதையே தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் ஆயுள் மட்டும் இல்லை. இதில் ஆக்சிஜன், பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. கோபால்ட், நிக்கல் வகை செல்கள்போல் சூடேறினால் சுலபமாக ஆக்சிஜனைக் கக்காது. அதற்காகத் தீயே பிடிக்காது என்று இல்லை. மிதமிஞ்சி சார்ஜ் ஏற்றினால் இதுவும் வீங்கும், எரியக்கூடிய வாயுவை வெளியே விடும். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தெடுத்து நூற்றுக்கணக்கில் சின்ன செல்களைச் சேர்த்துக் கட்டுகிற வேலை ஒன்று இருக்கிறது. பொழுதுபோக்குக்கு அருமை. ஆனால் மேலே ஆட்கள் தூங்குகிற வீட்டின் அடியில் அதை வைக்க என் மனது ஒப்பாது.

ஒரு எல்.எஃப்.பி. செல்லின் சராசரி வோல்டேஜ் 3.2. 16 செல்லைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். பேச்சு வழக்கில் 48 வோல்ட் பேட்டரி என்பது இதைத்தான். 100 ஆம்பியர் மணி செல்கள் 16 என்றால் 5.12 யூனிட் கொள்ளளவு. நம் தேவை 2.6. தினமும் 80 சதவீதத்துக்குள் பயன்படுத்துவோம், பல ஆண்டுகளில் கொள்ளளவு 80 சதவீதமாகத் தேய்ந்த பிறகும் போதுமாக இருக்க வேண்டும் என்று இரண்டு தடவை 0.8ஆல் வகுத்தால் 4.1 வருகிறது. 5.12 பொருத்தமான அளவு, மப்பு நாளுக்குக் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். 280 ஆம்பியர் மணி செல்லுக்கு ஆசைப்பட்டால் 14 யூனிட்டுக்கு மேல் வரும். அதை தினமும் நிரப்புவதற்கான பேனல் கூரையில் இருக்குமா என்று யோசித்துவிட்டு ஆசைப்படுங்கள்.

ஏன் 12 வோல்ட்டில் நிறுத்தக் கூடாது? 4 செல்லோடு வேலை முடியுமே என்று கேட்கலாம். 3,000 வாட் எடுக்க 12 வோல்ட்டில் 250 ஆம்பியர் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் 62.5 போதும். ஒயரில் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே ஒயரில் 12 வோல்ட் அமைப்பு 16 மடங்கு சூட்டைக் கிளப்பும். விளக்கு, விசிறி, போன் சார்ஜர் மட்டும் என்றால் 12 வோல்ட் தாராளம். ஒரு கிலோவாட்டைத் தாண்டுகிற எதற்கும் நேராக 48க்குப் போய்விடுவதே நல்லது. அப்புறம் மாற்றலாம் என்றால் இன்வெர்ட்டர், பேனலிலிருந்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கன்ட்ரோலர் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

தானே கட்டுவது என்றாலே எல்லாரும் செல்லைப் பற்றியே பேசுவார்கள். செல்லை வரிசையாக அடுக்கி இணைப்புப் பட்டை மாட்டுவது ஒரு மதியத்து வேலைதான். கஷ்டமெல்லாம் அந்த மதியத்துக்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முன்னால் இருக்கிற வேலை, செல்களைச் சமன் செய்வது. வந்து சேர்கிற 16 செல்லும் ஒரே அளவு சார்ஜோடு வருவதில்லை. தொடராக இணைத்துவிட்டால், முதலில் நிரம்புகிற செல் 3.65 வோல்ட்டைத் தொட்டதுமே மொத்த பேட்டரியும் சார்ஜ் ஏறுவதை நிறுத்தியாக வேண்டும், மற்ற 15 செல்லில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும். இதற்கு வழி, 16 செல்லையும் இணையாகச் சேர்த்து, பவர் சப்ளையை 3.65 வோல்ட்டில் வைத்து நிரப்புவது. ஆனால் பாதி சார்ஜில் இருக்கும் 16 செல்லை இணையாகச் சேர்த்தால் நிரப்ப 800 ஆம்பியர் மணி வேண்டும். கையில் இருப்பது 10 ஆம்பியர் சப்ளை என்றால் 80 மணி நேரம், மூன்று நாளைக்கு மேல். அந்த மூன்றாம் நாள் அலுப்பில் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுத் தூங்கப் போனவர்கள்தான் வீங்கிய செல்லோடு எழுந்திருக்கிறார்கள். முதலில் பி.எம்.எஸ். (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் கண்காணித்து, எல்லை தாண்டினால் மின்சாரத்தை அறுக்கும் பலகை) மாட்டி, தொடராகவே சார்ஜ் ஏற்றி, ஏதாவது ஒரு செல் 3.65ஐத் தொட்டு அறுபட்ட பிறகு பிரித்து இணையாகச் சேர்த்தால் மிச்ச வேலை சில மணி நேரத்தில் முடியும். சப்ளையின் வோல்டேஜைச் செல்லில் இணைப்பதற்கு முன்பே, மல்டிமீட்டரை வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். சப்ளையின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். கடைசி நேரத்தில் வோல்டேஜ் கிடுகிடுவென ஏறும், அப்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பி.எம்.எஸ்.ஸே சமன் செய்துகொள்ளாதா? செய்யும், ஆமை வேகத்தில். பல பி.எம்.எஸ்.களின் சமன் மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர் அளவுதான். 5 ஆம்பியர் மணி வித்தியாசம் இருந்தால் 50 மணி நேரம். அதுவும் செல் ஏறக்குறைய நிரம்பியிருக்கும் நேரத்தில்தான் செய்ய முடியும், ஏனென்றால் நடுவில் எல்.எஃப்.பி. செல்களின் வோல்டேஜ் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் இடையே சில பத்து மில்லிவோல்ட்தான் வித்தியாசம். இதனால்தான் வோல்டேஜைப் பார்த்து "பாதி இருக்கிறது" என்று சொல்வது இந்த பேட்டரியில் நடக்காது. உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் ஷண்ட் என்கிற, மின்னோட்டத்தை அளக்கும் சின்னத் தடையை வைத்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

பின்னால் இருக்கிற வேலை, இணைப்புகள். ஒரு நட்டு சரியாக இறுகாமல் ஒரு மில்லி ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். ஒன்றுமே இல்லாத அளவு. 100 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் மட்டும் 10 வாட் சூடு. நெல்லிக்காய் அளவு உலோகத்தில் 10 வாட் என்பது கை வைக்க முடியாத சூடு. நான் கட்டியதில் 7ஆம் செல் இப்படித்தான் காட்டிக்கொடுத்தது. பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 16 செல்லும் ஒரே வோல்டேஜ். 50 ஆம்பியர் எடுக்கும்போது 7ஆம் செல் மட்டும் 0.05 வோல்ட் தாழ்ந்து நிற்கும். அதே 50 ஆம்பியர் சார்ஜ் ஏறும்போது 0.05 வோல்ட் உயர்ந்து நிற்கும். செல் கெட்டுவிட்டது என்று ஒரு வாரம் புலம்பினேன். இப்படி இரு பக்கமும் ஒரே அளவு ஆடினால் எங்கோ தடை கூடியிருக்கிறது, முதலில் பார்க்க வேண்டியது இணைப்பை. பட்டையைக் கழற்றினால் அலுமினியம் முனையில் மங்கலான ஆக்சைடு படலம். தேய்த்துத் துடைத்து, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரில் விவரத் தாள் சொன்ன அளவுக்கு இறுக்கினேன், வித்தியாசம் போயே போய்விட்டது. அந்த அளவுக்கு மேல் இறுக்கவும் கூடாது. அலுமினியத்தில் மரை வழுக்கினால் செல்லையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஃபியூஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த பேட்டரியின் உள் தடை மிகக் குறைவு. 16 செல்லும் இணைப்புகளும் சேர்ந்தே 10 மில்லி ஓம் பக்கம்தான் இருக்கும். ப்ளஸ்ஸும் மைனஸும் நேராகத் தொட்டால் 5,000 ஆம்பியர் பாயும். பெரிய செல் என்றால் இன்னும் அதிகம். வீட்டு ஏசி பிரேக்கர் ஒன்றை எடுத்து இங்கே மாட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். 50 ஹெர்ட்ஸ் ஏசி நொடிக்கு 100 தடவை சுழியைத் தொடும். தீப்பொறி அப்போது தானாகவே அணையும். டிசிக்கு அந்தச் சுழி இல்லை. தொடர்பு விலகிய இடைவெளியில் பொறி வெல்டிங் மாதிரி நின்று எரியும். அதனால் டிசிக்கென்றே செய்த, பல ஆயிரம் ஆம்பியரை அறுக்கும் திறன் உள்ள ஃபியூஸ் வேண்டும். கிளாஸ்-டி (Class T) என்கிற வகை 20,000 ஆம்பியர் வரை அறுக்கும். அது பேட்டரி முனைக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் முனைக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயருக்கு யாரும் காவல் இல்லை. நம் உதாரணத்தில் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் 3 கிலோவாட் கொடுக்கும்போது, பேட்டரி 48 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால், இழப்பும் சேர்த்து 70 ஆம்பியர் ஓடும். அதற்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 100 ஆம்பியர் ஃபியூஸும் சரியாக இருக்கும். செல்லின் விவரத் தாள் தொடர்ந்து 50 ஆம்பியருக்கு மேல் வேண்டாம் என்றால், இன்வெர்ட்டரையும் அதற்கேற்ப 2 கிலோவாட்டுக்குக் கட்டிப்போடுங்கள்.

இன்வெர்ட்டரை முதல் தடவை இணைக்கும்போது "படார்" என்று பொறி பறக்கும். உள்ளே காலியாக இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருவது. ஒரு மின்தடையின் வழியாகச் சில நொடி விட்டு, பிறகு நேரடி இணைப்பைக் கொடுத்தால் சத்தமே வராது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள். ஸ்பேனரின் பிடியில் நுனிவரை இன்சுலேஷன் டேப் சுற்றுவது அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பி.எம்.எஸ். எல்லைகளைப் பற்றி ஒரு வழக்கமான குழப்பம் உண்டு. செல் 3.65க்குப் போனால் பி.எம்.எஸ். அறுக்கும், 2.5க்கு இறங்கினால் அறுக்கும், எனவே கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். அது கடைசிக் காவல். தினமும் அது அறுத்துக்கொண்டிருந்தால் அமைப்பு தப்பு என்று பொருள். சார்ஜரை 55.2 வோல்ட்டில், அதாவது செல்லுக்கு 3.45இல், நிறுத்தச் சொல்லுங்கள். இன்வெர்ட்டரை 48 வோல்ட்டில் கைவிடச் சொல்லுங்கள். கொள்ளளவில் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள். இன்னொன்று, உறைநிலைக்குக் கீழே இந்த செல்லில் சார்ஜ் ஏற்றக் கூடாது. லித்தியம் உள்ளே நுழையாமல் ஆனோடின் மேல் உலோகமாகப் படியும், அது திரும்பாத சேதம். குளிர் இடத்தில் இருப்பவர்கள் வெப்பநிலை பார்த்து சார்ஜை நிறுத்தும் பி.எம்.எஸ். வாங்க வேண்டும். வெக்கை இடத்தில் ஆயுள் மெல்லக் குறையும். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். படுக்கையறையிலும், வெளியேறும் வழியிலும், மாடிப்படிக்கு அடியிலும் வைக்காதீர்கள்.

இப்போதுதான் பேனல். இரவுக்கான 2.6 யூனிட்டைத் திரும்ப நிரப்ப சுமார் 2.8. பகல் பயன்பாடும் இன்வெர்ட்டரின் பகல் பசியும் சேர்த்து ஒரு 1.5. மொத்தம் 4.3 யூனிட். உங்கள் இடத்தில் நாளொன்றுக்கு நான்கரை மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது, சூடு, தூசி, ஒயர் எல்லாம் கால் பங்கைத் தின்கின்றன என்றால், 1 கிலோவாட் பேனல் 3.4 யூனிட் கொடுக்கும். 1.3 கிலோவாட் கணக்குக்குப் போதும். ஆனால் ஆண்டின் மோசமான மாதத்துக்குத் திட்டமிடுகிறவர் 2 கிலோவாட் போடுவார். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட பேனலைக் கூட்டுவது மப்பு நாட்களில் நிஜமாகவே உதவும். காலியான பெரிய பேட்டரியால் யாருக்கு என்ன பயன்?

540 வாட் பேனல் என்று வையுங்கள், இணைப்பு ஏதும் இல்லாதபோது அதன் வோல்டேஜ் 49.5. கையில் இருக்கும் கன்ட்ரோலர் 150 வோல்ட் வரை தாங்கும். 3 பேனல் தொடரில் 148.5. அடடா, கச்சிதம்! ஆனால் அந்த 49.5 என்பது 25 டிகிரியில் அளந்தது. குளிர்ந்தால் பேனலின் வோல்டேஜ் ஏறும், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.28 சதவீதம். 10 டிகிரி விடியற்காலையில் முதல் வெயில் பட்டதும் 154.7 வோல்ட். கன்ட்ரோலர் போய்விடும், அதுவும் வாரண்டியில் வராத விதத்தில். ஆகவே இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து, அந்த இரண்டு ஜோடியையும் இணையாகச் சேர்த்து 4 பேனல். 2.16 கிலோவாட், அந்த 10 டிகிரி குளிரிலும் 104 வோல்ட்டுக்குள். பேட்டரிக்குப் போகும் மின்னோட்டம் அதிகபட்சம் 40 ஆம்பியர் சொச்சம், 100 ஆம்பியர் மணி செல்லுக்கு இது இதமானது. கூரையில் 400 வோல்ட் தொடர் கேட்கிற இன்வெர்ட்டர்களும் உண்டு. 51 வோல்ட் பேட்டரி ஆளைச் சுடும், 400 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். அதை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எந்தத் தொடரானாலும் மின்சாரம் ஓடும்போது பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்காதீர்கள்.

மின் இணைப்போடு சேர்க்கும் இடத்திலும் கட்டாயம் எலக்ட்ரீஷியன் வேண்டும். வெளி மின்சாரம் நின்றபோது உங்கள் இன்வெர்ட்டர் தெருக் கம்பிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பினால், கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் சாவார். வெளி மின்சாரத்துக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே வீட்டை மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், ஒன்றை விட்ட பிறகே இன்னொன்றைத் தொடும் வகையாக இருக்க வேண்டும். அனுமதி, காப்பீடு இரண்டையும் வேலை தொடங்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். வீட்டில் கட்டிய பேட்டரிக்குச் சான்றிதழ் கிடையாது என்பதைச் சில காப்பீட்டாளர்கள் ஒரு காரணமாக எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்கு உங்களுக்குப் பிடிக்காத பதில் வந்தால், ஆயத்த பேட்டரி வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே சொன்ன கணக்குகளில் முக்கால்வாசி அதற்கும் அப்படியே பொருந்தும்.

எல்லாம் மாட்டி முடித்த முதல் மாலை, முழு லோடு கொடுத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியை ஒவ்வொரு நட்டுக்கும் நேரே காட்டி, 16 செல் வோல்டேஜையும் நோட்டில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே லோடில் திரும்ப எழுதுங்கள். செம்பும் அலுமினியமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, முதல் மாதத்தில் எதையாவது தளர்த்தியிருக்கலாம். என்னுடையதில் 7ஆம் செல்லுக்கு அடுத்து 12 தளர்ந்திருந்தது.